வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்

தமிழில் சில தொடர்களுக்கு அகராதியில் ஒரு பொருளும் ஆஸ்பத்திரி வாசலில் வேறொரு பொருளும் உண்டு. 'வீட்டுக்குக் கொண்டுபோங்கள்' என்பது அவற்றில் ஒன்று. மருத்துவர் இதைச் சொல்லிவிட்டால் நம் ஊர்களில் யாரும் மேற்கொண்டு விளக்கம் கேட்பதில்லை. 'ஆசைப்பட்டதைச் சாப்பிடக் கொடுங்கள்' என்பது அதன் அடுத்த வரி. 'வீட்டுக்கு அனுப்பிவிட்டார்களாம்' என்று ஊருக்குச் செய்தி போனால் வெளியூர்ச் சொந்தங்கள் மறுபேச்சில்லாமல் பேருந்து ஏறிவிடுவார்கள்.

2016 ஆவணியில் என் தங்கை தன் ஐந்து வயது மகனைச் சென்னையிலிருந்து கோவில்பட்டிக்கு அழைத்து வந்தபோது, இந்தத் தொடர் எங்களுக்கு முன்பே வந்து வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தது. பையனுக்கு இரத்தப் புற்றுநோய். குழந்தைகளுக்கு வரும் புற்றுநோய்களில் மிகுதியாகக் காணப்படும் அக்யூட் லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கீமியா. ஐந்து வாரம் மருத்துவமனையில் இருந்துவிட்டு, அடுத்த கட்டச் சிகிச்சைக்கு முன் பன்னிரண்டு நாள் இடைவெளி கிடைத்து ஊர் வந்திருந்தான். தலையில் முடியில்லை. ஸ்டீராய்டு மருந்தால் முகம் உப்பி, கன்னங்கள் கண்களை மறைத்தன. வாசற்படியில் கால் தூக்கி வைக்க முடியாமல் நின்றான். நான்தான் தூக்கி உள்ளே விட்டேன்.

கூடத்தில் பத்துப் பதினைந்து பேர் இருந்தார்கள். தங்கையின் மூத்த நாத்தனார் ஓடிவந்து அவளைக் கட்டிக்கொண்டு, "வீட்டுக்கு அனுப்பிட்டாங்களா தாயி" என்று குரலெடுத்து அழுதார். என் தங்கை அழவில்லை. "மதினி, அழாதீங்க. வைத்தியம் இன்னும் முடியல. பன்னெண்டு நாள்ல திரும்பப் போகணும். எல்லாரும் கை கழுவிட்டு, கொஞ்சம் தள்ளி உக்காருங்க. கூட்டம் ஆகாதுன்னு சொல்லியிருக்காங்க" என்றாள். கூடம் சட்டென்று அமைதியானது. பிள்ளையைப் பார்க்க வந்தவர்களைத் தள்ளி உட்காரச் சொல்வது எங்கள் பக்கத்தில் சின்ன விஷயமில்லை. வாங்கி வந்த ஆப்பிளைத் திண்ணையிலேயே வைத்துவிட்டு இரண்டு பேர் எழுந்து போனார்கள். அவர்கள் மறுபடி அந்த வீட்டுக்கு வர ஒரு வருடம் ஆயிற்று.

அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். அவர்களுக்குத் தெரிந்த கதையில், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புகிற புற்றுநோய்க்காரருக்கு இரண்டு முடிவுகள்தான் இருந்தன. ஒன்று, கைவிட்டு அனுப்பிவிட்டார்கள். இல்லையென்றால் குணமாகி அனுப்பிவிட்டார்கள். மூன்றாவதாக ஒன்று உண்டு என்பதைச் சொல்ல அவர்களிடமும் சொல் இல்லை, என்னிடமும் இல்லை. சிகிச்சையின் பெரும்பகுதி இனிமேல் வீட்டில்தான் நடக்கப்போகிறது என்பதுதான் அந்த மூன்றாவது. அந்தச் சொல் இல்லாமை வெறும் மொழிக் குறை அன்று. அது குழந்தைகளின் உயிரோடு விளையாடுகிறது என்பதே நான் இங்கே சொல்ல வருவது.

*

ஒரு காலத்தில் உறவினர்களின் அழுகை சரியாகவே இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1947ஆம் ஆண்டின் இறுதியில், பாஸ்டன் நகரத்துக் குழந்தைகள் மருத்துவமனையில் சிட்னி ஃபார்பர் என்ற மருத்துவர், இரத்தப் புற்றுநோய் கண்ட குழந்தைகளுக்கு அமினாப்டெரின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். மறுவருடம் வெளியான அவருடைய கட்டுரையில் பதினாறு குழந்தைகளைப் பற்றிய குறிப்பு இருக்கிறது. அவர்களில் பத்துப் பேருக்கு நோய் தணிந்தது. படுக்கையில் கிடந்த பிள்ளைகள் எழுந்து நடந்தார்கள். ஆனால் அந்தத் தணிவு சில மாதங்களுக்கு மேல் நிலைக்கவில்லை. நோய் திரும்பி வந்தது. அன்றைய வீடு திரும்புதல் ஒரு தவணைதான்.

அந்த மருந்து உருவான ஆய்வுக்கூடத்தை வழிநடத்தியவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். பீமவரத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து, அமெரிக்கா சென்று லெடர்லே நிறுவனத்தில் பணியாற்றியவர். ஃபார்பரின் கட்டுரை வெளியான அதே 1948இல் அவர் காலமானார். சென்னை வீதிகளில் நடந்த ஒரு மனிதரின் உழைப்பு உலகத்துப் பிள்ளைகளின் இரத்தத்தில் ஓடுகிறது என்பது நம் பள்ளிக்கூடங்களில் இன்னும் கொஞ்சம் உரக்கச் சொல்லப்பட வேண்டிய செய்தி.

இந்நோயில் 'குணம்' என்ற சொல்லைத் துணிந்து சொல்ல முடிந்தது 1960களின் பிற்பகுதியில்தான். 1962இல் மெம்ஃபிஸ் நகரில் திறக்கப்பட்ட செயின்ட் ஜூட் மருத்துவமனையில் டொனால்ட் பிங்கெல் ஒரு முடிவுக்கு வந்தார். மருந்துகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கொடுப்பதை விட்டுவிட்டுச் சேர்த்துக் கொடுப்பது. மூளையிலும் தண்டுவடத்திலும் ஒளிந்திருக்கும் நோயணுக்களைத் தனியே தேடி அழிப்பது. பிள்ளை நன்றாகிவிட்டதாகத் தோன்றிய பிறகும் இரண்டு மூன்று ஆண்டுகள் மருந்தை நிறுத்தாமல் தொடர்வது. 1970ஐ ஒட்டி ஏறக்குறையப் பாதிப் பிள்ளைகள் நோயிலிருந்து மீண்டார்கள். இன்று வசதியான நாடுகளில் பத்தில் ஒன்பது பேர் மீள்கிறார்கள்.

இதில் மூன்றாவது விஷயத்தைக் கவனியுங்கள். இரண்டு மூன்று ஆண்டுகள் ஒரு குழந்தையை எந்த மருத்துவமனையும் படுக்கையில் வைத்திருக்க முடியாது. அதாவது, மருத்துவம் வீட்டையும் சிகிச்சைக்கூடமாக ஏற்றுக்கொண்ட பிறகுதான் இந்நோய்க்குக் குணம் என்பதே சாத்தியமாயிற்று. நீண்ட காலத்துக்குத் தினமும் இரவில் ஒரு மாத்திரையை யாரோ ஒரு அம்மா ஏதோ ஒரு வீட்டில் எடுத்துக் கொடுக்க வேண்டும். விஞ்ஞானத்தின் அத்தனை வெற்றியும் கடைசியில் அந்தக் கையில் வந்து நிற்கிறது.

*

அந்தக் கைக்கு நாம் என்ன சொல்லிக்கொடுக்கிறோம்?

என் தங்கை பன்னிரண்டாம் வகுப்புப் படித்தவள். தங்கை கணவர் தீப்பெட்டி லோடு ஏற்றும் லாரியின் ஓட்டுநர். சென்னையிலிருந்து கிளம்பும்போது அவர்கள் கையில் ஒரு கோப்பும், ஒரு பை மாத்திரையும், அவசர அவசரமாகக் கேட்ட பத்து நிமிட அறிவுரையும் இருந்தன. நர்ஸ் சொன்னதில் பாதி அவளுக்கு நினைவிருந்தது. மீதியைத் தானே எழுதிக்கொள்ள ஆரம்பித்தாள். எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் தினசரிக் காலண்டரில் ஒவ்வொரு நாளும் கிழிக்கிற தாளின் பின்பக்கத்தில், அன்று கொடுத்த மாத்திரைகளையும் காய்ச்சல் கணக்கையும் எழுதி ஒரு மஞ்சள் பையில் போட்டுவைத்தாள். ராகுகாலமும் எமகண்டமும் முன்பக்கத்தில், மெர்காப்டோப்யூரின் பின்பக்கத்தில்.

அந்த மாத்திரைக் கணக்கு லேசுப்பட்டதன்று. மெர்காப்டோப்யூரின் தினமும். சில நாள் முழு மாத்திரை, சில நாள் பாதி. இரத்த அணுக்களின் எண்ணிக்கையைப் பார்த்து இது மாறும். மெத்தோட்ரெக்ஸேட் என்ற சின்ன மஞ்சள் மாத்திரை வாரத்தில் ஒரே ஒரு நாள், ஐந்தோ ஆறோ சேர்த்து. வாரம் ஒரு நாள் கொடுக்க வேண்டியதைத் தவறித் தினமும் கொடுத்துவிட்டால் எலும்பு மஞ்சையே அடங்கிப்போய்ப் பிள்ளை சாகும் நிலைக்குப் போகலாம். நுரையீரல் தொற்று வராமலிருக்க இன்னொரு மருந்து, வாரத்தில் குறிப்பிட்ட நாட்களில் மட்டும். ஸ்டீராய்டு நாட்களில் அவனுக்கு அகோரப் பசி. இரவு இரண்டு மணிக்கு எழுந்து கருவாட்டுக் குழம்பு கேட்பான். இல்லையென்றால் அடிப்பான், கடிப்பான். அது மருந்தின் கோபம் என்று தெரியாத பாட்டி, 'பிள்ளைக்குக் காத்துக்கருப்பு பிடிச்சிருக்கு' என்று வேப்பிலை ஒடித்தார்.

2012இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு ஒன்று, வீட்டில் கொடுக்க வேண்டிய மெர்காப்டோப்யூரினில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பங்குக்குக் குறைவாக உட்கொண்ட குழந்தைகளுக்கு நோய் திரும்பும் அபாயம் கூடியதாகக் காட்டியது. கணக்குப் போட்டுப் பாருங்கள். மாதத்தில் இரண்டு நாள் தவறினாலே அந்த எல்லைக்குக் கீழே போய்விடுகிறோம். ஊர்த் திருவிழாவில் ஒரு நாள், மாத்திரை தீர்ந்து கூரியர் வராமல் ஒரு நாள். அவ்வளவுதான்.

இங்கே என் தவறு ஒன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அந்த முதல் பன்னிரண்டு நாளின் முடிவில், பையன் சிரிக்கத் தொடங்கியிருந்தான். சென்னையிலிருந்து வந்த அறிக்கையில் எலும்பு மஞ்சையில் நோயணுக்கள் தென்படவில்லை என்று இருந்தது. மாப்பிள்ளைக்கு ஐந்து வாரமாக வேலையில்லை. லாரி முதலாளி வேறு ஆள் பார்த்துவிட்டார். இரண்டு சீட்டை எடுத்தாயிற்று, நகை அடகில் இருந்தது. அன்றிரவு அவர் தயங்கித் தயங்கி என்னிடம் கேட்டார்: "மச்சான், நோய் இல்லைன்னுதான எழுதியிருக்கு? மருந்தே பிள்ளையைக் கொல்லுது. இங்கேயே ஒரு நாட்டு வைத்தியம் பாத்துக்கிட்டா என்ன?" நாலு இலக்கியப் பத்திரிகை படிக்கிறவன், ஊரில் விவரம் தெரிந்தவன் என்று பெயர் எடுத்த தாய்மாமன் நான். "பாக்கலாம் மாப்ள, நோய் போயிடுச்சுன்னுதான் தோணுது" என்றுதான் சொன்னேன். சொன்னதை இன்று நினைத்தாலும் உடம்பு கூசுகிறது.

மடக்கியவர் மாப்பிள்ளையின் தகப்பனார். கரிசல் காட்டில் அறுபது வருடம் உழுதவர். எழுத்து வாசனை கிடையாது. கட்டிலில் படுத்தவாக்கிலேயே கேட்டார்: "கோரைய மேலோட அறுத்துட்டு காடு சுத்தமாயிட்டுன்னு எவனாவது சொல்லுவானாய்யா? கெழங்கு கெடக்குல்லா உள்ள. மழை பேஞ்சா என்னாகும்?"

பின்னால் நான் தேடிப் படித்த புத்தகங்கள் எல்லாம் இதையேதான் சொல்லின. நோய் கண்டுபிடிக்கப்படும்போது குழந்தையின் உடலில் இருக்கக்கூடிய நோயணுக்கள் ஏறக்குறைய ஒரு லட்சம் கோடி. முதற்கட்டச் சிகிச்சையில் நுண்ணோக்கிக்குத் தெரியாத அளவுக்கு அவை குறைகின்றன. தெரியாத அந்த அளவு என்பது அப்போதும் கோடிக்கணக்கில் இருக்கலாம். 'நோய் தணிந்தது' என்பதற்கும் 'நோய் தீர்ந்தது' என்பதற்கும் நடுவில் இரண்டு வருடத்து மருந்து இருக்கிறது. கோரைக்கிழங்கு என்ற ஒரு சொல்லில் ஒரு கிழவர் விளக்கியதை ஐந்து வாரத்தில் எங்களுக்கு யாரும் விளக்கவில்லை. விளக்க மனமில்லாமல் இல்லை. ஒரு வார்டில் அத்தனை பிள்ளைகள், அத்தனை குறைவான கைகள்.

*

அந்த வருடத்து மார்கழியில் நடந்ததையும் சொல்ல வேண்டும். இரண்டு சிகிச்சைச் சுற்றுகளுக்கு இடையில் பையன் ஊரில் இருந்தான். இரவு பத்து மணிக்கு உடம்பு சுட்டது. தெர்மாமீட்டரில் 101. சென்னையில் சொல்லியனுப்பியிருந்தார்கள்: 100.4ஐத் தாண்டினால் ஒரு நிமிடம் தாமதிக்கக்கூடாது. இந்த மருந்துகள் நோயணுவோடு சேர்த்து வெள்ளை அணுக்களையும் அழிப்பதால், கிருமியை எதிர்க்க உடம்பில் படையே இருக்காது. சீழ் பிடிக்கக்கூட வெள்ளை அணு வேண்டும். ஆகவே காய்ச்சல் ஒன்றே அடையாளம். வந்து சேர்ந்த ஒரு மணி நேரத்துக்குள் நரம்பு வழியாக நுண்ணுயிர்க்கொல்லி ஏற வேண்டும் என்பது இத்துறையின் பொதுவிதி.

பக்கத்தில் இருந்த ஒரு மருத்துவமனைக்கு ஓடினோம். பணியில் இருந்த இளம் மருத்துவர் பார்த்தார். தொண்டை நன்றாக இருந்தது, நெஞ்சு நன்றாக இருந்தது. பாராசிட்டமால் கொடுத்து, "மார்கழிப் பனி, சாதாரணக் காய்ச்சல்தான். காலைல பெரிய டாக்டரைப் பாருங்க" என்றார். தங்கை கோப்பைக் காட்டினாள். அவர் புரட்டினார். நாற்பது பக்கத்தில் எங்கே பார்ப்பது? "இதுக்கெல்லாம் நீங்க சென்னைக்குத்தான் போகணும்" என்றார். சென்னை ஐந்நூறு கிலோமீட்டருக்கும் அப்பால். கடைசியில் சென்னை மருத்துவரைத் தொலைபேசியில் பிடித்து, அவர் சொன்ன மதுரை மருத்துவமனைக்கு வாடகைக் காரில் போய்ச் சேர்ந்தபோது விடிகாலை மூன்றரை மணி. பையனின் கைகால்கள் சில்லிட்டிருந்தன. இரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. பதினொரு நாள் கழித்துப் பிழைத்து வந்தான்.

அந்த இளம் மருத்துவர் மீது எனக்குக் கோபம் இருந்தது. இப்போது இல்லை. அவருக்கும் யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. நாற்பது பக்கக் கோப்புக்கு மேல் ஒரே ஒரு தாள் இருந்திருந்தால் போதும். 'இந்தக் குழந்தை புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கிறது. காய்ச்சலோடு வந்தால் காத்திருக்க வேண்டாம். இரத்தம் எடுத்துவிட்டு இந்த மருந்தை இந்த அளவில் உடனே ஏற்றுங்கள். பிறகு இந்த எண்ணுக்குப் பேசுங்கள்.' நான்கு வரி. அதற்குக் காகிதச் செலவு எத்தனை காசு? பின்னால் தங்கையே கேட்டு, மருத்துவரிடம் அப்படி ஒரு கடிதம் எழுதி வாங்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, பையன் எங்கே போனாலும் கூடவே வைத்திருந்தாள். கேட்டதும் கொடுத்தார்கள். கேட்கத் தெரியாதவர்கள் என்ன செய்வார்கள்?

*

உலகச் சுகாதார நிறுவனம் 2018இல் குழந்தைப் புற்றுநோய்க்கென்று ஓர் உலகளாவிய முயற்சியைத் தொடங்கியது. 2030க்குள் உலகெங்கும் புற்றுநோய் கண்ட குழந்தைகளில் நூற்றுக்கு அறுபது பேராவது பிழைக்க வேண்டும் என்பது இலக்கு. அந்நிறுவனத்தின் கணக்குப்படி, செல்வ நாடுகளில் எண்பது விழுக்காட்டுக்கும் மேலானவர்கள் குணமடைகிறார்கள். ஏழை நாடுகள் பலவற்றில் முப்பது விழுக்காட்டுக்கும் குறைவு. இந்த வேறுபாட்டுக்கு அது சொல்லும் காரணங்களில் ஒன்று, சிகிச்சையைப் பாதியில் கைவிடுவது. அந்தச் சொல் எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. யாரை யார் கைவிடுகிறார்கள்? பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ரயிலேறியவரா கைவிட்டவர்?

இங்கே ஒன்றுமே நடக்கவில்லை என்று சொன்னால் அது பொய். முத்துலட்சுமி ரெட்டி, தன் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரத்தில் கண்ட கனவு, 1954இல் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையாக எழுந்தது. பன்னிரண்டு படுக்கைகளோடு தொடங்கிய இடம் அது. மறுவருடம் அங்கே சேர்ந்த டாக்டர் வி. சாந்தா 2021இல் மறையும்வரை அங்கேயே வாழ்ந்து, பணக்காரருக்கும் ஏழைக்கும் ஒரே மருத்துவம் என்பதை நிலைநாட்டினார். மாநில அரசின் காப்பீட்டுத் திட்டம் மருத்துவமனைச் செலவில் பெரும்பகுதியைத் தாங்குகிறது. ரயில்வே, சிகிச்சைக்குச் செல்லும் புற்றுநோயாளிக்குப் படுக்கை வசதிப் பெட்டியில் கட்டணமே வாங்குவதில்லை. துணைக்குச் செல்பவருக்கு முக்கால் பங்கு தள்ளுபடி. வெளியூர்க் குழந்தைகளும் பெற்றோரும் மருத்துவமனைக்கு அருகிலேயே இலவசமாகத் தங்கிச் சிகிச்சை பெறுவதற்காக 2006இல் மும்பையில் தொடங்கப்பட்ட செயின்ட் ஜூட் இந்தியா சைல்ட்கேர் மையங்கள் இன்று பல நகரங்களில் உள்ளன. இவையெல்லாம் பெரிய காரியங்கள்.

ஆனால் இவை ஏறக்குறைய எல்லாமே மருத்துவமனையின் வாசல்வரை வருகின்றன. வாசலுக்கு வெளியே, ஊர்ப் பேருந்து நிற்கிற இடத்திலிருந்து தொடங்கும் இரண்டு வருடத்துக்கு யார் பொறுப்பு? காப்பீடு ஊசிக்குப் பணம் தருகிறது. ஊசி போட்டுக்கொண்டு வந்த பிள்ளைக்காகத் தகப்பன் இழந்த கூலிக்குத் தருவதில்லை. அணுக்களின் எண்ணிக்கை பார்க்கிற ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனைக்கு வாரம் ஒருமுறை எங்கே போவது? அதைப் பார்த்து 'இந்த வாரம் பாதி மாத்திரை' என்று சொல்ல யார் இருக்கிறார்கள்? ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் இதற்கென்று ஒரு மருத்துவரும் ஒரு நர்ஸும், சென்னையோடோ மதுரையோடோ பேச ஒரு தொலைபேசியும் இருந்தால் பாதிப் பயணங்கள் தேவையிருக்காது. காசநோய்க்கு இதைச் செய்திருக்கிறோம். மாத்திரை வீட்டில் விழுங்கப்பட்டால்தான் நோய் ஒழியும் என்று அங்கே அரசு ஒப்புக்கொண்டு, ஊர் ஊராக ஆள் போட்டுத் தொடர்ந்து கவனிக்கிறது. இங்கே ஒப்புக்கொள்ள என்ன தடை? எண்ணிக்கையில் இந்தக் குழந்தைகள் மிகக் குறைவு என்பதுதான் தடை என்றால், குறைவானவர்களைக் கவனிப்பது எளிது என்பதே அதற்குப் பதில்.

பள்ளிக்கூடத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. பையன் திரும்பப் பள்ளிக்குப் போகலாம் என்று மருத்துவரே எழுதிக் கொடுத்த பின்பும், அவன் படித்த பள்ளியில் இரண்டு மாதம் இழுத்தடித்தார்கள். மற்ற பெற்றோர்கள் 'ஒட்டிக்கொள்ளுமோ' என்று கேட்கிறார்களாம். புற்றுநோய் ஒட்டாது. உண்மையில் அஞ்ச வேண்டியவள் என் தங்கைதான்: மற்ற பிள்ளைகளிடமிருந்து அம்மை நோய் இவனுக்கு வந்தால் அது உயிருக்கே ஆபத்து. எந்த வீட்டில் அம்மை போட்டிருந்தாலும் எனக்கு முதலில் சொல்லிவிடுங்கள் என்று அவள் தெருவில் ஒவ்வொரு வீட்டுக்கும் போய்க் கேட்டுக்கொண்டாள். மாரியம்மன் வந்திருப்பதை வெளியே சொல்லக் கூசும் வீடுகளும் அவளுக்குச் சொல்லியனுப்பின. அந்தத் தெரு செய்ததை ஒரு பள்ளிக்கூடத்தால் செய்ய முடியவில்லை.

இன்னொருத்தியையும் யாரும் கணக்கில் எடுப்பதில்லை. பையனுக்கு மூன்று வயது மூத்த அக்காள் ஒருத்தி. அந்த எட்டு மாதமும் அவள் எங்கள் அம்மா வீட்டில் இருந்தாள். ஒருநாள் என்னிடம் கேட்டாள்: "மாமா, எனக்கும் அந்தக் காய்ச்சல் வந்தா அம்மா என்கூட இருப்பாளா?" நான் பதில் சொல்லவில்லை. வீட்டுக்கு வருவது பையன் ஒருவன் மட்டும் அன்று. பிரிந்துபோன வீடே ஒன்றுகூடி வர வேண்டியிருக்கிறது.

*

இலக்கியம் படிக்கிறவர்களிடம் கேட்க எனக்கு ஒன்று இருக்கிறது. நம் கதைகளில் புற்றுநோய் எப்போதும் கடைசி அத்தியாயத்தில்தான் வருகிறது. 1962இல் ஸ்ரீதரின் 'நெஞ்சில் ஓர் ஆலயம்' முழுக்க ஒரு மருத்துவமனைக்குள்ளேயே நடந்தது. 1982இன் 'வாழ்வே மாய'த்தில் இரத்தப் புற்றுநோய், நாயகன் காதலியை விலக்கிவிட்டுச் சாவதற்கு ஒரு வசதியாக அமைந்தது. அந்தக் காலத்து மருத்துவ நிலையில் அதைத் தவறென்று சொல்ல முடியாது. ஆனால் மருத்துவம் எங்கோ போய்விட்டது. நம் கற்பனை மட்டும் அதே இறுதிக் காட்சியில் நிற்கிறது. மாத்திரையைப் பாதியாக வெட்டும் அம்மாவைப் பற்றி, மொட்டைத் தலையோடு தெருவில் பம்பரம் விடும் பையனைப் பற்றி, அடுத்த பரிசோதனைக்கும் அதற்கடுத்த பரிசோதனைக்கும் இடையில் வாழக் கற்றுக்கொள்ளும் ஒரு குடும்பத்தைப் பற்றி நான் படித்த தமிழ்க் கதைகளில் தேடினேன். கிடைக்கவில்லை. கதையில் இல்லாத வாழ்க்கையை ஊர் அடையாளம் கண்டுகொள்வதில்லை. அடையாளம் தெரியாததைப் பார்த்தால் அழுகிறது, அல்லது ஒதுங்குகிறது.

நித்தியகல்யாணிச் செடியை நீங்கள் அறிவீர்கள். தென்மாவட்டங்களில் தண்ணீரில்லாத நிலத்திலும் வளர்வது. எங்கள் பக்கம் அதைச் சுடுகாட்டுப்பூ என்பார்கள்; வீட்டில் வளர்க்கச் சிலர் சம்மதிக்க மாட்டார்கள். அதன் இலையிலிருந்து எடுக்கப்படும் வின்கிறிஸ்டின் என்ற மருந்து 1963இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்றுவரை இந்நோய்ச் சிகிச்சையின் தூண்களில் ஒன்று அது. அந்த மருந்தால்தான் எங்கள் பையனின் கால்கள் தளர்ந்து, வாசற்படி ஏற முடியாமல் நின்றான். அந்த மருந்தும் சேர்ந்துதான் அவனைக் காப்பாற்றியது. சுடுகாட்டுப்பூ என்ற பெயரை ஊர் மாற்றிக்கொள்ளவில்லை. என் தங்கை மட்டும் வாசலில் இரண்டு செடி வைத்திருக்கிறாள்.

2019இன் தொடக்கத்தில் சிகிச்சை முடிந்தது. பையன் இப்போது உயர்நிலைப் பள்ளியில் படிக்கிறான். அந்தக் கரிசல் கிழவர் இல்லை. பேரன் பள்ளிக்கூடம் போவதைப் பார்த்துவிட்டுத்தான் போனார். காலண்டர்த் தாள்கள் இரண்டு மஞ்சள் பை நிறைய இன்னும் பரணில் இருக்கின்றன.

சென்ற வருடம் பக்கத்துத் தெருவில் ஏழு வயதுப் பெண் குழந்தை ஒன்று இதே நோயோடு மருத்துவமனைக்குப் போய், முதல் இடைவெளியில் ஊர் வந்தது. வீட்டில் கூட்டம் கூடியிருப்பதாகக் கேள்விப்பட்டு என் தங்கை போனாள். நானும் உடன் போனேன். திண்ணையில் ஒரு பெரியவர் யாருக்கோ தொலைபேசியில், "வீட்டுக்கு அனுப்பிட்டாங்கய்யா" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அவர் பேசி முடிக்கும்வரை தங்கை காத்திருந்தாள்.

"பெரியப்பா, அப்படிச் சொல்லாதீங்க. வைத்தியம் பாக்க வீட்டுக்கு வந்திருக்கான்னு சொல்லுங்க" என்றாள். பிறகு வாசல் குழாயில் கை கழுவிவிட்டு, அந்தக் குழந்தையின் அம்மாவைத் தேடி உள்ளே போனாள்.